கண்டு கொடுத்தலும் காணாது கொடுத்தலும்



ஏழு நாள் கடற்பயணம் முடிவுறும் இரவில், உல்லாசக் கப்பலின் விருந்தினர் சேவை மேசைக்கு முன்னே ஒரு வரிசை நிற்பது வழக்கம். அறைச் சாவி அட்டையைத் தொலைத்தவர் அதில் இருப்பர். கணக்கில் ஐயம் கொண்டவர் இருப்பர். வேறு சிலர் சற்றே தாழ்ந்த குரலில் ஒரு வேண்டுகோள் விடுப்பர். தம் கணக்கில் நாள்தோறும் தானாக ஏறியிருக்கும் 'டிப்ஸ்' தொகையை நீக்கித் தரல் வேண்டும் என்பதே அது. மேசைக்குப் பின்னிருப்பவர் காரணம் கேட்பார். சில கப்பல்களில் அதுவும் கேளார். சில நிமிடங்களில் தொகை நீங்கிவிடும். அதே வேளையில், பல தளங்களுக்கு அப்பால், அவ்வேண்டுகோள் விடுத்தவரின் அறையில் படுக்கை விரிப்பைச் சீர்செய்து, குளியல் துண்டை யானை வடிவில் மடித்து, அதன் முகத்தில் விருந்தினரின் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி வைத்துவிட்டு அறைப்பணியாளர் வெளியேறிக் கொண்டிருப்பார்.

இக்காட்சியில் பிழை எவருடையது என்று தீர்ப்பது எளிதன்று. தொகையை நீக்கக் கேட்பவரின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் பயணிகளை நம்பி இயங்கும் பெருங்கப்பல்களில் 2020-களின் நடுப்பகுதியில் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இவ்வாறு ஏற்றப்படுகிறது. உயர்வகை அறையாயின் இன்னும் மிகுதி. 18 டாலர் என்று கொண்டால், நால்வர் அடங்கிய குடும்பம் ஏழு நாளில் செலுத்துவது 504 டாலர். கைக்குழந்தைக்குச் சில நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. மற்றபடி ஐந்து வயதுச் சிறுவனுக்கும் ஐம்பது வயதுத் தந்தைக்கும் ஒரே தொகைதான். போதாக்குறைக்கு, மதுக்கூடத்தில் வாங்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் 18 அல்லது 20 விழுக்காடு தனியே சேர்கிறது. பயணச்சீட்டு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த விலையில் இவை பெரும்பாலும் அடங்குவதில்லை. கொடை என்றால் அது கொடுப்பவரின் விருப்பம். கட்டணம் என்றால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இஃது இரண்டில் எதில் சேர்த்தி என்று பயணி கேட்பாராயின், அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் உணவகங்கள் 'சேவைக் கட்டணம்' என்று தாமாகச் சேர்த்த தொகையைப் பற்றியும் இதே வினா எழுந்தது. அவ்வாறு தானாகச் சேர்த்தல் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்தது.

இதற்குத் தமிழில் பெயர் என்ன என்பதே முதற் சிக்கல். ஈகை, கொடை, பரிசில், சன்மானம், வெகுமதி, இனாம், பக்‌ஷீஸ், அன்பளிப்பு எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை, எதுவும் பொருந்தவில்லை. 'பணிக்கொடை' பொருந்தியிருக்கும், ஆனால் ஓய்வுபெறுவோர்க்கு வழங்கும் தொகைக்கு அச்சொல்லை அலுவலகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. மக்கள் வழக்கில் 'டிப்ஸ்' நிலைபெற்றுவிட்டது, அதுவும் பன்மை வடிவிலேயே. பத்து ரூபாய்த் தாள் ஒன்றே ஒன்று கொடுத்தாலும் அது 'டிப்ஸ்' தான். 'டிப்' கொடுத்தேன் என்று சொல்லும் தமிழரைக் காண்பது அரிது. விரைவை உறுதிசெய்தற்கு எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்தது அச்சொல் என்று பயண நூல்கள் சில எழுதுவது பின்னாளில் கட்டிய கதை. பழைய ஆங்கிலேயக் கள்வரின் குழூஉக்குறியில் 'கொடு', 'நீட்டு' என்னும் பொருளில் வழங்கிய சொல் அது. பிரெஞ்சுக்காரர் இதனைப் 'பூர்புவார்' என்பர். குடிப்பதற்கு என்பது பொருள். செருமானியர் 'டிரிங்க்கெல்ட்' என்பர், குடிகாசு. உருசிய மொழியில் தேநீர்க்காசு. தமிழகத்துத் தெருவில் 'டீ குடிக்க வச்சுக்கோ' என்பதும் இதே குடும்பந்தான். இம்மொழிகளில் எல்லாம் கொடுப்பவர் பெறுபவரின் தாகத்தைப் பெயரிட்டுச் சொல்கிறாரே ஒழிய, அவருடைய உழைப்பைப் பெயரிட்டுச் சொல்லக் காணோம். உழைப்பைப் பெயரிட்டால் ஊதியத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்னும் அச்சமோ என்னவோ.

கொடுத்தலின் முறைமை பற்றித் தமிழ்ப் புலவர்கள் சிந்தித்த அளவுக்குப் பிறர் சிந்தித்திருப்பரோ என்பது ஐயமே. காரணம் எளிது: அவர்கள் பெற்று வாழ்ந்தவர்கள். அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணவேண்டிக் குன்றும் மலையும் பல கடந்து வந்தார் பெருஞ்சித்திரனார். மன்னன் அவரை நேரிற் காணாமல், பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. பொருளை வாங்கிக்கொண்டு திரும்பும் வணிகத் தன்மை தம்மிடம் இல்லை என்றும், தம் தகுதியின் அளவறிந்து பேணிக் கொடுத்தால் தினை அளவினதாயினும் தமக்கு இனியது என்றும் கூறிய அவர் பாடல் புறநானூற்றில் 208-ஆவதாக உள்ளது. கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு உரைத்ததும் (புறம் 121) இதற்கு அயலதன்று. கொடுப்பது எளிய செயல், வருபவரின் தரத்தை உணர்வதே அரிய செயல் என்று கூறி, புலவரை எல்லாம் ஒரே பார்வையாகப் பார்ப்பதை விட்டுவிடுமாறு அவர் மன்னனுக்கே அறிவுறுத்துகிறார். பொருநராற்றுப்படையில் கரிகாலன் விடைபெறும் பொருநனின் பின்னே ஏழடி நடந்து வழியனுப்புகிறான். பரிசிலின் அளவு அங்கே பெரிதுதான். எனினும் இரண்டாயிரம் ஆண்டாகப் புலவர் உலகம் எண்ணிப் பார்த்து மகிழ்வது அந்த ஏழு அடிகளை.

இவ்வளவுகோலைக் கொண்டு கப்பலின் கணக்குத் தாளை அளந்தால், அதிலுள்ள தொகை காணாது ஈந்த கொடையே என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவுக்குத் துணையாக வரலாறும் ஒரு சான்று தருகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், ஜார்ஜ் புல்மன் என்னும் தொழிலதிபர் தம் நிறுவனத்தின் படுக்கை வசதி கொண்ட தொடர்வண்டிப் பெட்டிகளில் பணிசெய்ய, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆடவரைப் பெருந்தொகையாக அமர்த்தினார். படுக்கை விரித்தல், பெட்டி சுமத்தல், இரவெல்லாம் விழித்திருந்து காலணி துடைத்தல் ஆகியன அவர்தம் பணி. ஊதியம் சிறிது; எஞ்சியதைப் பயணிகள் இடும் காசு நிரப்பிவிடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தொழில் உறவுகள் பற்றி ஆராய அமைந்த ஆணையம் 1915-இல் விசாரித்தபோது, அவர்தம் மாத ஊதியம் 27.50 டாலர் என்பது வெளிப்பட்டது. பயணிகள் அப்பணியாளர் எவரையும் அவரவர் பெயரால் அழைப்பதில்லை. அனைவரும் அவர்களுக்கு 'ஜார்ஜ்' தான். முதலாளியின் பெயர் அது. ஆண்டையின் பெயராலேயே அடிமையை விளித்த பழைய வழக்கின் எச்சம். காலையில் இறங்கும்போது ஜார்ஜின் உள்ளங்கையில் காசு விழும். ஜார்ஜ் புன்னகைத்தாக வேண்டும். காசு இட்டவர் இட்ட கையையும் பார்ப்பதில்லை, பெற்றவர் முகத்தையும் பார்ப்பதில்லை. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அப்பணியாளர்கள் சங்கம் அமைத்தனர். காசை நம்பிப் புன்னகைக்கும் நிலை ஒழிந்து வாழ்வூதியம் வேண்டும் என்பது அவர்தம் வாதங்களுள் முதன்மையானது. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்திற்குப் பின்னரே, 1937-இல், நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது.

இடைப்பட்ட காலத்தில் இவ்வழக்கத்தையே சட்டத்தால் ஒழிக்கவும் முயன்றனர். வாசிங்டன் மாநிலம் 1909-இல் தடைச்சட்டம் இயற்றியது; வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அவை அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. அதன்பின் சட்டமே வேறு திசையில் திரும்பிற்று. பயணியோ உண்பவரோ இடும் காசை ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டுக்கொள்ள 1966-ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாளிகளுக்கு இடமளித்தது. அத்தகைய பணியாளர்க்கு முதலாளி தம் கையிலிருந்து தரவேண்டிய குறைந்த அளவு கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் என 1991-இல் நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கிறது. அமெரிக்கச் சுற்றுலாவில் உணவு பரிமாறியவர்க்குக் காசு வைக்காமல் எழுந்து வரும் அயல்நாட்டுப் பயணி, தாம் ஒரு கொடையைத் தவிர்த்ததாக எண்ணிக்கொள்கிறார். பல மாநிலங்களில் அவர் தவிர்த்தது ஓர் ஊதியத்தின் பகுதி.

கடலில் அந்தக் குறைந்த அளவுச் சட்டமும் இல்லை. பெருங்கப்பல்கள் பகாமாசு, பனாமா, பெர்முடா முதலிய நாடுகளின் கொடிகளைத் தாங்கிச் செல்கின்றன. மயாமித் துறையிலிருந்து நாள்தோறும் புறப்பட்டாலும், அயற்கொடிக் கப்பலில் பணியாற்றுவோரை அமெரிக்க ஊதியச் சட்டம் காப்பதில்லை. பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளினின்றும் வருவோர் ஆறு முதல் ஒன்பது திங்கள் வரையிலான ஒப்பந்தத்தில் வார விடுமுறையின்றி உழைக்கின்றனர். 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகத்து 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதனை ஒரு பாதுகாப்பு என்று குறிப்பிட வேண்டியிருப்பதே நிலைமையை விளக்கப் போதுமானது.

இனி, காணாது கொடுத்தல் என்னும் குற்றச்சாட்டுக்கு வரலாம். பழைய கப்பல்களில் வழக்கம் வேறாக இருந்தது. கடைசி இரவு விருந்தில் ஒவ்வொரு பயணியும் சிறு காகித உறைகளைக் கொண்டு வருவார். ஒன்று அறைப்பணியாளர்க்கு, ஒன்று உணவு பரிமாறியவர்க்கு, ஒன்று அவருடைய உதவியாளர்க்கு, ஒன்று மேற்பார்வையாளர்க்கு. கையிற் கொடுத்து, நன்றி சொல்லி, ஊரும் பிள்ளைகளும் பற்றி ஓரிரு சொற்கள் பேசிப் பிரிவர். குறித்த மேசை, குறித்த நேரம் என்றிருந்த முறை தளர்ந்து, விரும்பிய பொழுதில் விரும்பிய கூடத்தில் உண்ணும் முறை வந்தபின், ஏழு நாளும் ஒருவரே பரிமாறுவது அரிதாயிற்று. உறையை எவரிடம் கொடுப்பது என்று தெரியாமற் போயிற்று. நிறுவனங்கள் தொகையைத் தாமே கணக்கில் ஏற்றத் தொடங்கின. கண்டு கொடுத்தது போய்க் காணாது கொடுத்தல் வந்தது என்று பழம்பயணிகள் வருந்துவர். அவ்வருத்தம் பொய்யன்று.

ஆயினும் அந்த உறைகள் எவரைச் சென்றடைந்தன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2024 சனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பல் நிறைந்த நிலையில் 7,600 பயணிகளை ஏற்கவல்லது. பணியாளர் 2,350 பேர். இவர்களுள் எத்தனை பேரின் முகத்தைப் பயணி காண்பார்? கீழ்த்தளங்களில், கதிரவன் ஒளி புகாத துவைப்பகத்தில், நாள் முழுதும் விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுப்பவர்கள் இருக்கின்றனர். பாத்திரம் கழுவுவோர், காய் நறுக்குவோர், குப்பையை வகைபிரித்துக் கட்டுவோர் இருக்கின்றனர். பணியாளர்க்கென்றே கப்பலின் நீளத்திற்கு ஓடும் ஒரு நடைவழி உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் எண்ணால் அதனை அவர்கள் 'ஐ-95' என்று அழைப்பர். பயணியின் கால் அதில் படுவதில்லை. உறை வழக்கம் நிலவிய காலத்தில் இவர்களுக்கு உறை வந்ததில்லை. தானாக ஏறும் இன்றைய தொகை, நிறுவனங்கள் தரும் விளக்கத்தின்படி, அறைப்பணியாளர்க்கும் பரிமாறுவோர்க்கும் மட்டுமன்றித் திரைக்குப் பின்னே உழைப்போர்க்கும் பகிரப்படுகிறது. பங்கீட்டின் நுணுக்கம் பயணிக்குப் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பது ஒரு குறையே. அதனை வலியுறுத்திக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

ஆகவே பெருஞ்சித்திரனாரின் அளவுகோலை இங்கே அப்படியே வைத்து அளக்க இயலாது. காணப்படும் தகுதி உடைய புலவர்க்குக் காணாது வந்த பொருள் இழிவு. எக்காலத்தும் காணப்படாத இடத்தில் நிற்பவர்க்கோ காணாது வரும் பொருள் ஒன்றே வரக்கூடிய பொருள். மற்றொன்றும் உண்டு. புலவர் மறுத்துவிட்டு நடந்தார். நடந்து செல்ல அவருக்கு வேறொரு வள்ளலின் ஊர் இருந்தது. இளவெளிமானிடம் மனம் நொந்து சென்ற அதே பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார் என்று புறநானூறு காட்டும். மறுத்தலும் ஒரு செல்வந்தான். கடல் நடுவே, ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து திங்கள் எஞ்சியிருக்க, ஊரில் வீட்டுக்கடன் நிற்க, துவைப்பகத்தில் இருப்பவரிடம் அச்செல்வம் இல்லை. அவரால் செய்யக்கூடிய யானை துண்டினால் ஆனது. அதனையும் மடிப்பவர் வேறொருவர்.

இதனால் பெறப்படுவது, சேவை மேசைக்குச் சென்று அத்தொகையை நீக்கச் சொல்லுதல் தகாது என்பதே. அறை தூய்மையாக இல்லையெனில் மூன்றாம் நாளே முறையிடலாம், மறுநாள் சரிசெய்வர். அதற்காகப் பொதுத்தொகையில் கைவைத்தால், தவறு செய்தவரோடு அவரைக் கண்டும் அறியாத பாத்திரம் கழுவுபவரும் தண்டம் கட்டுகிறார். நிறுவனத்தின் விலை உத்தி பிடிக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுதலாம், அல்லது அத்தொகையைப் பயணக் கட்டணத்திலேயே அடக்கிய கப்பலைத் தேரலாம். பிரித்தானியாவின் பி அண்டு ஓ குரூசஸ் நிறுவனம் 2019 மே முதல் தனித்தொகையை விட்டு அவ்வாறு அடக்கிக்கொண்டது. நேர்மையான வழி அதுவே என்பதில் ஐயமில்லை. விலையை விலை என்று சொல்ல வேண்டும்.

நிலவழிச் சுற்றுலாவில் இச்சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின. திருமுருகாற்றுப்படை தெய்வத்திடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கிலும் வள்ளலைக் கண்டு மீள்பவன், எதிர்ப்படும் வறியோர்க்கு வழி உரைக்கிறான். எங்கே பாறை வழுக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிட்டும், யாரிடம் எவ்வாறு பேசுவது என மலைபடுகடாத்தில் அவன் சொல்லும் நுணுக்கம் இன்றைய எந்த வழிகாட்டி நூலுக்கும் குறைந்ததன்று. அவனுக்குத் தரகு இல்லை. நன்னனின் வாயிலுக்கு இத்தனை கூத்தரை அனுப்பினால் இத்தனை காசு என்னும் ஏற்பாடு அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய வழிகாட்டியின் நிலை அதுவன்று. எகிப்தில் பாப்பிரசுத் தாள் விற்கும் கடைக்கும் நறுமண எண்ணெய்க் கடைக்கும் பயணக்கூட்டம் ஏன் திருப்பப்படுகிறது என்பதைப் பயணிகள் மாலையில்தான் உணர்வர். ஊதியம் குறைந்த இடத்தைத் தரகு நிரப்புகிறது; தரகு நிரப்பிய அளவுக்கு வழி கோணுகிறது.

ஐரோப்பிய நகரங்களில் 2000-களில் பெருகிய 'இலவச நடைச் சுற்றுலா' இதனினும் நுட்பமானது. கட்டணம் இல்லை; இரண்டரை மணி நேரம் நடந்தபின் விரும்பியதைக் கொடுக்கலாம் என்பர். பயணி அறியாதது ஒன்று: பல இடங்களில் வழிகாட்டி, வந்த தலைகளை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று ஏற்பாட்டாளர்க்குத் தாமே செலுத்த வேண்டும். ஐவராக வந்து, முன்வரிசையில் நின்று கேட்டு, இறுதிச் சதுக்கத்தில் படம் எடுக்கும் சாக்கில் நழுவும் குடும்பம், வழிகாட்டிக்கு ஒன்றும் தராமற் போகவில்லை. அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. இந்தியாவிலிருந்து செல்லும் குழுச் சுற்றுலாக்களில் வழிகாட்டிக்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் உரியதை நாள்கணக்கில் முன்பே வாங்கிவிடும் வழக்கம் பரவியுள்ளது. முணுமுணுப்போர் பலர். முணுமுணுப்புக்கு இடையிலும் ஓட்டுநர்க்கு உரியது சேர்ந்துவிடுகிறது என்பதை மறத்தல் ஆகாது.

கண்டு கொடுத்தலையும் அனைவர்க்கும் சேரக் கொடுத்தலையும் இணைக்க முயலும் ஓரிடம் உண்டு; அது தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடி. 5,895 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஒரு பயணி ஏறி இறங்கக் கூடாரம், அரிசி, எரிவாயு எனச் சுமந்து செல்வோர் மூவர் நால்வர் வேண்டும். ஒருவர் சுமக்கும் சுமைக்கு 20 கிலோ என வரம்பு உண்டு. பயண முடிவில் அனைவரும் வட்டமாக நிற்பர்; சுவாகிலி மொழியில் பாடி ஆடுவர்; அதன்பின் கொடை. தலைமை வழிகாட்டியின் கையில் மொத்தமாக ஓர் உறையைத் திணித்துவிட்டு வண்டியேறுவது களைத்த பயணிக்கு எளிது. வரிசையின் கடைசியில் நிற்கும் இளைஞனுக்கு அதில் எவ்வளவு சேரும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் சுமைப்பணியாளர் நலம் பேணும் அமைப்புகள் அங்கே ஒரு முறையைப் பரிந்துரைக்கின்றன. வழிகாட்டிக்கு இவ்வளவு, சமையற்காரர்க்கு இவ்வளவு, சுமப்போர் ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு என்று அனைவர் காதிலும் விழ அறிவித்து, இயன்றவரை அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்கப்படும்போது அந்த இளைஞன் முன்னே வருகிறான். ஆறு நாளும் பயணிக்கு முன்னதாகவே மலையேறிக் கூடாரம் அடித்துவிட்டு மறைந்தவனின் முகத்தைப் பயணி அப்போதுதான் நேரே பார்க்கிறார்.

சப்பானியர் இக்கொடுக்கல் வாங்கலையே ஏறக்குறைய விலக்கிவிட்டனர். அங்கே உணவகத்து மேசையில் சில்லறையை விட்டுச் சென்றால், மறந்துவிட்டார் என்று கருதிப் பணியாளர் பின்னே ஓடி வருவதுண்டு. ஆயினும் மரபுவழி விடுதிகளில் 'கொகோரோசுகே' என்றொரு பழவழக்கம் ஓரளவு எஞ்சியுள்ளது. அறையைக் காட்ட வரும் பெண்மணியிடம், புதிய தாளை உறையிலோ வெண்காகிதத்திலோ பொதிந்து கொடுப்பர். வெறும் பணமாக நீட்டுதல் அங்கே நாகரிகமன்று. நோக்கத்தக்கது அதன் காலம்: தங்கலின் தொடக்கத்திலேயே அது கொடுக்கப்படுகிறது. முடிவில் கொடுப்பது விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவதை ஒத்தது. ஆசிரியர்கள் அதன் மகிழ்ச்சியையும் அதன் சிறுமையையும் அறிவர்.

இவ்விடத்தில், பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்தின் அவையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வெளியூரிலிருந்து கவியரங்குக்கு வரும் கவிஞர்க்கு இலக்கிய அமைப்புகள் செய்யும் மரியாதை யாவரும் அறிந்ததே. மேடையில், ஒளிப்படக்காரர் முன்னிலையில், பொன்னாடை. வழிச்செலவுக்கான உறையோ கூட்டம் கலைந்தபின், மாடிப்படியின் திருப்பத்தில், வேறெங்கோ பார்த்தபடி, ஏதோ தவறு செய்வது போல் கையில் திணிக்கப்படும். சிலவேளை அதுவும் மறந்துபோகும். கவிஞர் கேட்கமாட்டார், இரவுப் பேருந்தில் நின்றபடி ஊர் திரும்புவார். பொன்னாடையை எந்த நடத்துநரும் பயணச்சீட்டுக்கு ஈடாக வாங்குவதில்லை. ஏழடி பின்நடந்த கரிகாலனை மேடையில் புகழ்வோர், பேருந்து நிலையம் வரை உடன் நடப்பதற்கும் உறையின் மேல் கவிஞரின் பெயரைப் பிழையின்றி எழுதுவதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

கப்பலுக்குத் திரும்பலாம். பொதுத்தொகையை நீக்காமல் விட்ட பயணி அதனோடு நிறைவடைய வேண்டும் என்பதில்லை. அது காணப்படாதவர்க்கு, கண்டவர்க்கு என்று தனியே சிறிதளவு கொடுப்பதைப் பெரும்பாலான கப்பல்கள் தடுப்பதில்லை. ஐந்து டாலரோ பத்து டாலரோ போதும். தாளாக இருத்தல் நன்று. அயல்நாட்டு நாணயங்களைப் பண மாற்றகங்கள் ஏற்பதில்லை, நைல் ஆற்றுப் படகோட்டியின் குழந்தைக்கு அவை விளையாட்டுப் பொருளாகவே முடிகின்றன. நைல் கப்பல்களில் பணியாளர் அனைவர்க்கும் பொதுவாக வரவேற்பிடத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பர். வழிகாட்டிக்கு உரியது அதில் சேராது, தனியே தரல் வேண்டும். கொடுப்பதைப் பிறர் பார்க்கக் கொடுப்பதும், எண்ணிக் காட்டுவதும், புன்னகைக்காகக் காத்து நிற்பதும் எந்நாட்டிலும் தகா. கொடுக்க இயலாதவர் எழுதலாம். பயண முடிவில் நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் பணியாளரின் பெயரைக் குறித்துப் பாராட்டினால், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது துணையாவதுண்டு. பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான கப்பல்களில் சட்டைமேல் குத்திய வில்லையில் அவர் பெயரும், அதன்கீழ் அவர் நாடும் பொறித்திருக்கும். ஏழு நாள் காலையும் மாலையும் எதிர்ப்பட்டவரின் அவ்வில்லையை ஒருமுறை படித்து, அப்பெயரைச் சொல்லி அழைத்தால், 'ஜார்ஜ்' என்று அழைத்த காலம் அந்த அறையளவிலேனும் முடிந்துபோகும்.

கடைசி நாள் காலையில் நேரம் மிகக் குறைவு. உறையைக் கொடுக்க நினைப்பவர் முந்திய நாளே கொடுத்துவிடுதல் நலம். விடிவதற்கு முன் கப்பல் துறையைச் சேர்ந்துவிடும். காலை உணவு முடிந்ததும் பயணிகள் அறையை விட்டு நீங்கியாக வேண்டும். நண்பகல் அளவில் அடுத்த பயணிகள் ஏறத் தொடங்குவர். இடைப்பட்ட சில மணி நேரத்தில் ஓர் அறைப்பணியாளர் தம் பொறுப்பிலுள்ள பதினைந்து இருபது அறைகளையும் புதிதாக்க வேண்டும். நடைவழியில் அவரைக் கண்டு விடைபெற எண்ணுபவர்க்குத் திறந்த கதவுகளும் துணி வண்டியும்தான் கண்ணில் படும். உள்ளே அவர் விரிப்பை உருவிக் கொண்டிருப்பார். யானையின் முகத்திலிருந்த கண்ணாடியை விருந்தினர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். துண்டை அவர் ஒரே உதறலில் பிரித்து மற்றத் துணிகளோடு வண்டியில் போடுவார். அவை கீழ்த்தளத்துக்குப் போகும்.